சவலைப் பிள்ளைகளின் டாக்டர்: சிசிலி வில்லியம்ஸ்



இந்தக் காலாண்டு மடலில் மறைந்த ஒரு டாக்டரம்மாவின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ். குழந்தை மருத்துவம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் அவர் செய்த வேலை உங்கள் வீட்டு அலமாரி வரை வந்திருக்கிறது.

வீட்டில் கைக்குழந்தை இருந்து, பால் பவுடர் டப்பாவும் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு அதில் இருக்கும். கொழுகொழு குழந்தையின் படமோ, சிரிக்கும் தாயின் படமோ இருக்காது. சோப்பு விற்கிறவர் தன் சோப்பை விட வேறொன்று நல்லது என்று உறையில் அச்சடிப்பாரா? பால் பவுடர் விற்கிறவர் மட்டும் அப்படி அச்சடிக்க வேண்டியிருக்கிறது. அது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. அதன் முதல் பக்கங்களில் இருப்பவர் இந்த அம்மையார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன், டாக்டர் இல்லை. படித்ததையும் புரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதை உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

ஜமைக்காவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு

சிசிலி பிறந்தது 1893 டிசம்பர் 2 அன்று, ஜமைக்கா தீவில். தலைமுறை தலைமுறையாக அங்கே தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயக் குடும்பம். அப்பா கல்வித் துறையில் பெரிய அதிகாரி. மகளுக்கு ஒன்பது வயதானபோது, உனக்கு மாப்பிள்ளை கிடைப்பது சந்தேகம், ஆக்ஸ்ஃபோர்டு போய் டாக்டராகிவிடு என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கேலியாகச் சொன்னாரோ, உண்மையாகச் சொன்னாரோ, அது அப்படியே பலித்தது. சிசிலி கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

பதின்மூன்று வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். பத்தொன்பது வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தும், பெற்றோருக்கு உதவியாக இருக்க வேண்டுமென்று ஊர் திரும்பிவிட்டார். 1916இல் அப்பா காலமானார். அதன் பிறகு இருபத்து மூன்று வயதில் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு போய் சாமர்வில் கல்லூரியில் மருத்துவம் சேர்ந்தார். அது முதல் உலகப் போர் நேரம். பையன்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால்தான் பெண்களுக்கு அந்த வகுப்பில் இடம் கிடைத்தது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண் டாக்டர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது.

1923இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் டாக்டராகத் தேறினார். பிறகு லண்டனில் ஏழைகள் நிறைந்த ஹாக்னி பகுதியில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தார். குழந்தையின் வீட்டைப் பற்றித் தெரியாமல் அதன் நோயைத் தீர்க்க முடியாது என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உண்டானது. குழந்தை எங்கே தூங்குகிறது, யார் ஊட்டுகிறார்கள், என்ன ஊட்டுகிறார்கள், அடுத்த பிள்ளை எப்போது பிறந்தது என்றெல்லாம் விசாரிக்காமல் மருந்து எழுதினால், அது செலவுக் கணக்கு மட்டும் எழுதிவிட்டு வரவைப் பார்க்காமல் விடுவது போலத்தான்.

தங்கக் கடற்கரையில் ஒரு நோய்

1929இல் பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணியில் சேர்ந்து கோல்டு கோஸ்ட் போனார். தமிழில் தங்கக் கடற்கரை என்று சொல்லலாம், இன்றைய கானா நாடு. பெண் மருத்துவ அதிகாரி என்பது பதவியின் பெயர். வேலை ஆண்களுக்கு உள்ளதே, சம்பளம் மட்டும் குறைவு.

அக்ரா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு வகை நோயாளிகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் உள்ள குழந்தைகள். கை கால் வீங்கியிருக்கும். வயிறு உப்பியிருக்கும். முடி செம்பட்டையாகி மெலிந்திருக்கும். தோல் கருத்துப் பட்டை பட்டையாக உரியும். குழந்தை சிரிக்காது, விளையாடாது, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். வீக்கத்தைப் பார்த்தால் குண்டாக இருப்பது போலவே தெரியும். பெரும்பாலான குழந்தைகள் இறந்துபோனார்கள்.

மற்ற டாக்டர்கள் இதற்கு பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள். மக்காச்சோளத்தையே சாப்பிடும் மக்களுக்கு வைட்டமின் குறைவால் வரும் நோய் அது. சிசிலிக்கு அது சரியாகப் படவில்லை. இறந்த குழந்தைகளின் உடலை அவரே அறுத்துச் சோதித்தார். அப்போது ஆன்டிபயாடிக் மருந்துகள் கிடையாது. ஒரு முறை சோதனையில் பட்ட வெட்டுக்காயம் சீழ் பிடித்து அவரையே சாகக் கிடத்தியது. பிழைத்து எழுந்து மறுபடியும் அதே வேலையைச் செய்தார். குழந்தைகளின் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருந்தது. பட்டினி கிடந்த குழந்தையின் கல்லீரலில் கொழுப்பு எப்படி வந்தது?

புத்தகத்தில் பதில் இல்லாதபோது அவர் யாரைக் கேட்டார் தெரியுமா? அந்த ஊர்ப் பெண்களை. இந்த நோயை உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். கா என்ற மொழி பேசும் அந்தப் பெண்கள் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பாட்டிமார்களின் ஞாபகம்தான் வந்தது. சவலைப் பிள்ளை என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அம்மா வயிற்றில் அடுத்தது வந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, ஏங்கி, இளைத்து, சிணுங்கித் திரியும் பிள்ளைதான் சவலை. கானா எங்கே, நம் ஊர் எங்கே? இரண்டு இடத்திலும் தாய்மார்கள் ஒன்றையே கவனித்து அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் தேடிக்கொண்டிருந்த காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றது, அதற்குப் பதில் மக்காச்சோளக் கஞ்சி வந்தது. வயிறு நிறைந்தது, உடம்புக்கு வேண்டியது சேரவில்லை.

1933இல் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதினார். புரதமோ, புரதத்தின் ஒரு பகுதியோ குறைவதால் இருக்கலாம் என்று நிதானமாகத்தான் சொன்னார். லண்டன் நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, இது பெல்லாக்ராதான் என்றார்கள். அவர் விடவில்லை. 1935இல் லான்செட் என்ற புகழ்பெற்ற இதழில், இரண்டு நோய்க்கும் என்னென்ன வித்தியாசம் என்று விளக்கி, குவாஷியோர்கர் என்ற அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து எழுதினார். பள்ளிக்கூடம் பார்க்காத ஆப்பிரிக்கத் தாய்மார்கள் வைத்த பெயர் உலக மருத்துவப் புத்தகங்களில் ஏறியது. இன்றும் அதே பெயர்தான்.

கல்லீரல் கொழுப்புக்கு விளக்கம் பின்னால் வந்தது. கொழுப்பைக் கல்லீரலிலிருந்து ஏற்றிக்கொண்டு போக புரதத்தால் ஆன வாகனம் வேண்டும். புரதம் இல்லாவிட்டால் சரக்கு கிடங்கிலேயே தேங்கிவிடும். புரதக் குறைவு மட்டும் காரணமில்லை, தொற்று நோய் போன்ற வேறு சில காரணங்களும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். நம் பக்கத்திலும் இந்த நோயை ஆராய்ந்தவர் உண்டு. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் குவாஷியோர்கர் பற்றி முக்கியமான ஆய்வுகள் செய்தார்.

தண்ணீரும் கொழுப்பும் போன பால்

மேலதிகாரிகளோடு சிசிலிக்கு ஒத்துப்போகவில்லை. நோயைத் தீர்ப்பது ஒரு துறை, நோய் வராமல் தடுப்பது வேறு துறை என்று பிரித்து வைத்திருந்ததை அவர் ஏற்கவில்லை. குணமாக்கி அனுப்பிய குழந்தை அதே கஞ்சிக்குத் திரும்பினால் மறுபடியும் படுக்கைக்குத்தான் வரும் என்பது அவர் வாதம். 1936இல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள். நேர்மையாகப் பேசியதற்குக் கிடைத்த டிரான்ஸ்ஃபர். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அங்கே அவர் பார்த்தது வேறொரு கொடுமை. கானாவில் குழந்தைக்கு ஒன்றிரண்டு வயதான பிறகு வந்த தொல்லை இங்கே பிறந்த கையோடு ஆரம்பித்தது. சிங்கப்பூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லா ஏழைகளும் இருந்தார்கள். பால் கம்பெனிகள் நர்ஸ் போல வெள்ளை உடை போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பின. புதிதாகப் பிள்ளை பெற்ற தாயிடம், தாய்ப்பாலை விட இது உசத்தி என்று சொல்லி டின் பாலைக் கொடுத்தார்கள். வெள்ளை உடையைப் பார்த்ததும் தாய் நம்பினாள். ஆஸ்பத்திரியே சொல்கிறது என்று நினைத்தாள்.

அந்த டின்னில் இருந்தது சர்க்கரை போட்டுச் சுண்டிய பால், அதிலும் பல டின்களில் கொழுப்பு எடுக்கப்பட்ட பால். இங்கேதான் கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வயதில் கொழுப்பு என்றாலே டாக்டர் முகம் சுளிப்பார். கைக்குழந்தைக்குக் கணக்கே வேறு. தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு வேளை பால் குடிக்கும்போது ஆரம்பத்தில் வருவதை விடக் கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். அதனால்தான் குழந்தையை அவசரப்பட்டு விலக்கக் கூடாது என்கிறார்கள்.

கொழுப்பு அமிலங்கள் என்பவை கொழுப்பு என்ற சுவரின் செங்கற்கள். அவற்றில் லினோலிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டை நம் உடம்பால் தயாரிக்கவே முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். கொழுப்பு என்பது வெறும் எரிபொருள், அது இல்லாவிட்டாலும் அரிசியும் சர்க்கரையும் ஈடுகட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிசிலி ஆப்பிரிக்கா போன அதே 1929இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி அது தவறென்று காட்டினார்கள். கொழுப்பே இல்லாத உணவு கொடுத்த எலிகளுக்குத் தோல் உரிந்தது, வளர்ச்சி நின்றது. பின்னாளில் ஆரில்ட் ஹான்சன் என்ற குழந்தை மருத்துவர் 428 குழந்தைகளைக் கவனித்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். லினோலிக் அமிலம் இல்லாத பால் கலவை குடித்த குழந்தைகளின் தோல் வறண்டு உரிந்தது, சேர்த்துக் கொடுத்ததும் சரியானது. டி.எச்.ஏ. என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. தாய்ப்பாலில் அது இயற்கையாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி இரண்டும் கொழுப்பில்தான் கரைந்திருக்கும். பாலிலிருந்து ஆடையை எடுத்தால் அவையும் கூடவே போய்விடும். வைட்டமின் ஏ இல்லாத குழந்தைக்குக் கருவிழி காய்ந்து, மிருதுவாகிக் கரைந்து, பார்வை போகும். கொழுப்பு எடுத்த டின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அன்று பிரிட்டனில் டின்னிலேயே அச்சடிக்க வேண்டியிருந்தது. கடல் தாண்டிப் போன பாலுக்கு அந்த அக்கறை இருக்கவில்லை.

மற்றதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவச டின் தீரும்வரை குழந்தை டின் பால் குடிக்கும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்க்குப் பால் ஊறும். உறிஞ்சாவிட்டால் சில வாரங்களில் வற்றிவிடும். டின் தீரும்போது தாய்ப்பாலும் இருக்காது. அடுத்த டின்னைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூலிக்காரர் வீட்டில் காசு ஏது? ஒரு வாரத்து டின்னில் தண்ணீர் கலந்து இரண்டு வாரம் ஓட்டுவார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமாக இருக்காது. வயிற்றுப்போக்கு வரும், குழந்தை போய்விடும். இலவசம் என்று உள்ளே வந்தது கடைசியில் குழந்தையின் உயிரை வாங்கிக்கொண்டு போனது.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேச சிசிலியை அழைத்தார்கள். அந்தக் கிளப்பின் தலைவர் ஒரு பெரிய பால் நிறுவனத்தின் தலைவரும் கூட. பாலும் கொலையும் என்று தலைப்பு வைத்துக்கொண்டு சிசிலி பேசினார். குழந்தை உணவைப் பற்றிப் பொய்ப் பிரசாரம் செய்வதைக் குற்றமாகத் தண்டிக்க வேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்தத் தலைவரை வைத்துக்கொண்டே சொன்னார். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று சொல்லவே நமக்கெல்லாம் நாக்கு எழாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் டின் பாலுக்கே எதிரி இல்லை. ஆப்பிரிக்காவில் தாய்ப்பால் நின்றுபோன மூத்த குழந்தைகளுக்கு டின் பாலும் மீன் எண்ணெயும் கொடுத்துத்தான் வைத்தியம் செய்தார். தாய்ப்பால் இருக்கும் தாயை ஏமாற்றி அதை வற்றவைத்து விற்பதைத்தான் எதிர்த்தார்.

சிறையில் இருபது குழந்தைகள்

1941இல் மலாயாவின் கிழக்குக் கரையில் உள்ள திரெங்கானு மாநிலத்தில் பொறுப்பு ஏற்றார். அந்த டிசம்பரில் ஜப்பானியப் படை வந்து இறங்கியது. சிரமப்பட்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது. மற்ற ஐரோப்பியர்களோடு அவரையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். பெண்கள் முகாமின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். 1943 அக்டோபரில் உளவு பார்த்ததாகச் சந்தேகப்பட்டு கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் பலரைப் பிடித்துப் போனது, அவர்களில் சிசிலியும் ஒருவர். ஆண்களோடு ஒரே கொட்டடியில் பல மாதம் அடைபட்டிருந்தார். செத்துக்கொண்டிருந்தவர்களின் பக்கத்திலேயே படுக்க வேண்டியிருந்தது. பட்டினி, சீதபேதி, பெரிபெரி எல்லாம் வந்தன. காலில் மரத்துப்போன உணர்ச்சி ஆயுள் முழுக்கத் திரும்பவில்லை. 1945இல் போர் முடிந்தபோது சாகும் நிலையில் படுக்கையில் கிடந்தார்.

தேறியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, முகாமில் இருந்த பெண்கள், குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலை பற்றி அறிக்கை எழுதியது. அந்த முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன. இருபதும் பிழைத்தன. தாய்மார்களே அரைப் பட்டினி, வெளியே சிங்கப்பூரில் டின் பால் குடித்த குழந்தைகளுக்கு இருந்த வசதிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ரோட்டரி கிளப்பில் சொன்னதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

ஜமைக்கா பழமும் முசாஃபர்பூர் பழமும்

1948இல் புதிதாகத் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவரையே முதல் தலைவராக்கினார்கள். ஒரு காலத்தில் இடம் மாற்றி அனுப்பப்பட்டவர் ஜெனீவாவில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

1951இல் பிறந்த ஊரான ஜமைக்காவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஏழைக் குழந்தைகள் திடீரென்று வாந்தி எடுத்து, மயங்கி, சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். இரண்டு வருடம் அங்கே தங்கி ஆய்வுக்குத் தலைமை வகித்தார். அக்கி என்ற பழத்தின் மேல் சந்தேகம் இருந்தது. ஜமைக்காவில் வீட்டுக்கு வீடு சமைக்கும் பழம், ஆனால் பழுக்காமல் சாப்பிட்டால் விஷம். 1950களின் நடுவில் அங்குள்ள பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்து ஹைபோகிளைசின் என்று பெயரிட்டார்கள்.

இதிலும் கொழுப்பு அமிலம்தான் கதாநாயகன். சாப்பிடாமல் படுத்த குழந்தையின் உடம்பு இரவெல்லாம் கொழுப்பு அமிலங்களை எரித்துத்தான் தாக்குப்பிடிக்கும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்வது மாதிரி. இந்த விஷம் அந்தக் கணக்கையே முடக்கிவிடும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று விழுந்து மூளை செயலிழக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தைக்கு ஆபத்து குறைவு, பசியோடு படுத்த குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்.

பீகார் முசாஃபர்பூரில் லிச்சிப் பழ சீசனில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2017இல் வெளியான ஆய்வு, லிச்சியில் உள்ள அதே ஹைபோகிளைசினும் இரவுச் சாப்பாடு சாப்பிடாததும் சேர்ந்து செய்த வேலை என்று காட்டியது. பழம் பணக்காரக் குழந்தையும்தான் சாப்பிடுகிறது. இறந்தது இரவில் சோறில்லாத குழந்தை. சிசிலி வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டியிருந்தது: குழந்தை நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டது?

ஓய்வு என்பது பெயருக்கு

பிறகு லண்டனில் ஆசிரியராக இருந்தார். பெய்ரூட்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். பாலஸ்தீன அகதிகளிடையே வேலை செய்தார். எழுபது, எண்பது வயதிலும் ஊர் ஊராகப் போனார். 1983இல் சாலி க்ராடக் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு ரிட்டயர்டு எக்ஸெப்ட் ஆன் டிமாண்ட். யாரும் கூப்பிடாத வரைக்கும்தான் ஓய்வு என்று அர்த்தம். டிமாண்ட் டிராஃப்ட் எழுதி ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடித்த தலைப்பு. பென்ஷன் வாங்கும் நண்பர்கள் யோசித்துப் பாருங்கள்.

அவர் 1939இல் எழுப்பிய பேச்சு 1970களில் மறுபடியும் எழுந்தது. பால் பவுடர் விற்பனை முறைகளை எதிர்த்துப் பல நாடுகளில் இயக்கம் நடந்தது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை எப்படி விற்கலாம் என்று விதிகள் கொண்டுவந்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்து வாக்களித்தது ஒரே நாடு, அமெரிக்கா. அப்போது சிசிலிக்கு 87 வயது. நாற்பத்திரண்டு வருடம் காத்திருந்து தான் சொன்னது உலக விதியானதைப் பார்த்தார்.

1992 ஜூலை 13 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் 98 வயதில் காலமானார். அதே 1992 டிசம்பரில் இந்தியாவும் இதற்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2003இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். அதன்படி இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் புட்டி, குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் கூடாது. தாய்க்கு இலவச சாம்பிள் கூடாது. டப்பாவில் தாய், சேய் படம் கூடாது. வீடு தேடி வந்த வெள்ளை உடைப் பெண்ணுக்கு நம் நாட்டில் போட்ட தடை இது. இப்போது அவள் செல்போன் வழியாக வருகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் என்று மெசேஜ் வந்தால் அது சட்டத்துக்கு விரோதமானது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் இளம் தாய்மார்களில் சிலருக்குப் பால் சுரக்காமல் இருந்திருக்கலாம், உடல்நிலை காரணமாகக் கொடுக்க முடியாமல் போயிருக்கலாம். நீங்கள் மனம் வருந்த வேண்டாம். இன்றைய பவுடர்களில் தேவையான கொழுப்பு அமிலங்களும் வைட்டமின்களும் சேர்க்கிறார்கள். டாக்டர் சொன்னபடி, சொன்ன அளவில், கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து கொடுங்கள். சிசிலி அம்மையார் எந்தத் தாயையும் குறை சொன்னதாக நான் படிக்கவில்லை. அவர் குறை சொன்னதெல்லாம் தாய்க்கு வழியில்லாமல் செய்தவர்களைத்தான்.

அந்த வழியை நாமும்தான் அமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாத லீவு முடிந்து வேலைக்குப் போகும் பெண்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிறவர்களிலும், கட்டட வேலை நடக்கும்போது செங்கல் சுமக்கிறவர்களிலும் கைக்குழந்தைக்காரிகள் உண்டு. அவர்களுக்கு லீவே கிடையாது. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டு வந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் குழந்தையைப் பார்க்கிறார்கள். சவலைப் பிள்ளை உண்டாவதற்கு அடுத்த குழந்தை பிறக்க வேண்டுமென்பதில்லை, அம்மாவுக்கு நேரம் இல்லாவிட்டாலும் போதும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. கிளப் ஹவுஸ் பக்கத்தில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கும் சின்ன அறையைக் காலி செய்து, ஒரு ஃபேன், இரண்டு நாற்காலி, ஒரு திரை, குடிதண்ணீர் வைத்தால் தாய்மார் அறை தயார். குடியிருப்பவர்கள், விருந்தாளிகள், நம்மிடம் வேலை செய்பவர்கள் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் அது பொதுவாக இருக்கட்டும். வேலைக்கு வரும் பெண் குழந்தையைக் கூட்டி வந்தால் கேட்டில் நிறுத்த வேண்டாம் என்று செக்யூரிட்டியிடமும் சொல்லிவிடலாம். செலவு பெரிதாக இருக்காது, எஸ்டிமேட் நான் போட்டுத் தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கலாமா என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வந்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.